பக்கத்து சீட் பிரேக்

மார்ச் 4

அடி கால்குலேட்டர்,

உன் கடிதம் நேற்று வந்தது. போனில் வேண்டாம், காகிதத்தில் எழுது என்று நான் சொன்னதை இந்த ஒரு தடவையாவது கேட்டாயே, சந்தோஷம். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதற்குச் சாட்சியே இல்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நூறில் பத்தொன்பது! இரண்டு தடவை படித்தேன். என்னை மாதிரி மார்பில் கட்டி வந்து, கீமோ முடித்து, அறுவையும் முடித்த நூறு பெண்களில் பத்தொன்பது பேருக்குத்தான் ஐந்து வருஷத்துக்குள் அது திரும்ப வருகிறது. மிச்சம் எண்பத்தொரு பேர் தப்பித்தார்கள். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்குகிறவர்கள் நூற்றுக்கு அறுபது பேர். அதற்கே முதலாளி வாசலில் பலகை மாட்டியிருக்கிறார். எண்பத்தொன்றுக்கு நான் பேனரே கட்டலாம்.

அதனால் மருந்து டாக்டரிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

“அந்த மாத்திரை எனக்கு வேண்டாம் டாக்டர். எங்க வீட்லயே கணக்கு போடுற ஆள் இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எனக்குக் கோபம் வரும். “கட்டாயப்படுத்த முடியாது. ஆனா மாசக் கடைசிக்குள்ள நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு மாதம் மாத்திரை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், தோல் உரியும் என்று அவரே சொல்கிறார். கிளட்ச் மிதிக்கிற காலும் ஸ்டியரிங் பிடிக்கிற கையும் போனபிறகு நான் காரில் உட்கார்ந்து ஹாரனா அடித்துக்கொண்டிருப்பேன்? ஏப்ரல் எட்டாம் தேதி எனக்குப் பெரிய வண்டித் தேர்வு. அந்த லைசென்ஸ் வந்தால் எங்கள் ஸ்கூலில் பஸ் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் முதல் பெண் நான். போன வருஷம் விண்ணப்பம் போட்ட மறுவாரம்தான் குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டது.

ஐந்து மாதம் கீமோ என்றார்கள், சரி என்றேன். முடி போகும் என்றார்கள், சரி. இடது மார்பை எடுக்கணும், அக்குளையும் சுரண்டணும் என்றார்கள், சரி. மூன்று வாரம் கதிர் வைத்தார்கள், அதற்கும் ஆடாமல் படுத்திருந்தேன். இது ஒன்றுக்கு மட்டும் முடியாது என்கிறேன். உன் பத்தொன்பது என் பக்கம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பேனர் கட்டாதே. தயவுசெய்து.

அந்த எண்ணை அனுப்பியிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. என் வேலை என்னவென்று பதினைந்து வருஷமாகச் சொல்கிறேன். நீ எல்லாரிடமும் ‘கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறா’ என்றே சொல்கிறாய். இன்னொரு தடவை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

எங்கள் ஆய்வு மையத்துக்குப் பல மருத்துவமனைகளிலிருந்து அறிக்கைகள் வரும். கீமோவுக்குப் பிறகு, அறுவையில் எடுத்த சதையில் கட்டி எவ்வளவு மிச்சம் இருந்தது, அதில் உயிரோடிருந்த செல்கள் எவ்வளவு, அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் எத்தனையில் பரவியிருந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்புவது நான். ஆளுக்கு ஒரு வரிசை. பிறகு வருஷா வருஷம் அவர்களுக்குப் போன் செய்து, திரும்ப வந்ததா, வரவில்லையா என்று கேட்டுக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதும் நான்தான். அப்படி நிறைந்த இரண்டாயிரம் வரிசைகளைப் பார்த்துத்தான், உனக்கு எண் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் கற்றுக்கொண்டது. நூறில் பத்தொன்பது என்றால், உன்னுடையதைப் போல அறிக்கை இருந்தவர்களுக்கு நடந்தது அது. நீ பத்தொன்பதில் ஒருத்தியா, எண்பத்தொன்றில் ஒருத்தியா என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சொந்தக்காரர்களுக்கு அதை ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஓட்டினேன். அவசரம். அதனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நீ போனில் படம் எடுத்து அனுப்பிய அறிக்கையின் அடியில், ஓரத்தில், சின்ன எழுத்தில் ‘பக்கம் 1 / 2’ என்று இருக்கிறது.

இரண்டாம் பக்கம் எங்கே அக்கா? நெறிக்கட்டிகளைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதைப் பார்க்காமல் மாத்திரையைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதே.

தங்கை


மார்ச் 16

கால்குலேட்டர்,

இரண்டாம் பக்கம் இல்லை. போய்விட்டது.

எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் போடுவாய். என்னிடம் வங்கியில் காசாளராக இருக்கும் ஒரு அம்மா ஓட்டப் பழகுகிறார். எண்ணில் புலி. ஆனால் இரண்டு கார்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னால் வலம் இடம் மறந்துவிடும். மூன்று நாள் ஒரே சுவரை இடித்தார். நாலாம் நாள் கையில் கிடைத்த காகிதத்தின் பின்னால் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, இங்கே ஒடி, இங்கே நேராக்கு என்று காட்டினேன். அவர் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் பழக்கம் உனக்குத் தெரியாதா? உன் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாலேயே ரவுண்டானா வரைந்தவள் நான்.

அதில் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது? கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். நீ பத்தொன்பது என்று எழுதினாய், எழுதியது எழுதியதுதான். வசதிக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே போவதற்கு அதென்ன வானிலை அறிக்கையா?

இங்கே நான் பிரமாதமாக இருக்கிறேன். தினமும் காலையில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகுகிறேன். ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் சொல்லித்தருகிறார். இடது கை வீங்காமலிருக்க இறுக்கமான உறை போட்டிருக்கிறேன், தலையில் இப்போதுதான் அரை விரல் முடி. என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நேற்று அந்த மனிதர் சொல்கிறார், “மேடம், வண்டியே உங்களைப் பார்த்து ஒழுங்கா போகுது.”

நீ உன் வரிசைகளைப் பார். நான் என் வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நீ அதைப் படிக்காமல் கொடுத்திருக்க மாட்டாய். பல்பொருள் கடையில் தரும் நோட்டீஸைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுக் கசக்குகிறவள் நீ. உன் அக்குளில் எடுத்ததைப் பற்றி எழுதியிருந்த தாளைப் படிக்காமல் பின்னால் கார் வரைந்தாயா? இதை வேறு யாரிடமாவது சொல்.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நெறிக்கட்டிக்கான கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் நான் ஓட்டினேன். காலியாக விட்டால் புரோகிராம் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது எதிலும் பரவவில்லை என்று. இது எனக்குத் தெரியாதா? காலிக் கட்டத்தோடு வருகிற படிவங்களை வாரத்துக்குப் பத்தையாவது ‘தெரியாது என்பதும் இல்லை என்பதும் வேறு’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புகிறவள் நான். உன் படிவத்தை மட்டும் திருப்பவில்லை. பத்தொன்பது என்று வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குமேல் தோண்டப் பயமாக இருந்தது. போன கடிதத்தில் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதினேனே, அது பொய்.

என் வரிசைகளைப் பார்க்கச் சொன்னாய். பார்க்கிறேன். நூற்றுப் பதினெட்டாம் வரிசைக்காரருக்கு வந்த எண் பதினொன்று. நல்ல எண். இரண்டாம் வருஷம் போன் செய்தபோது அவருடைய கணவர் எடுத்து, “அவ இல்லம்மா” என்றார். என்ன கேட்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அறுபத்து நான்காம் வரிசைக்காரருக்கு எண் அறுபத்திரண்டு. ஒன்பது வருஷமாக இரண்டாவது மணியிலேயே அவரே எடுக்கிறார். “இன்னும் இருக்கேம்மா, எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அவர் தன்னிடம் சொன்ன எதையும் மறைக்கவில்லை, டாக்டர் கொடுத்த எதையும் மறுக்கவில்லை. எண்ணை மட்டும்தான் மதிக்கவில்லை. உன் வீம்பும் அந்த மாதிரி இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று. என் கல்யாணத்துக்கு முந்தின கோடையில் நீ எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாய். எட்டு நாள். உன் காலடியில் இருந்த அந்த இரண்டாவது பிரேக்கை நான் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டேன், டக் டக் என்று. ஒன்பதாம் நாள் நான் வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறேன். என்னை ஒருநாளும் நம்பாதவள் என் பத்தொன்பதை மட்டும் ஏன் அப்படி நம்புகிறாய்?

தங்கை


மார்ச் 27

குட்டி,

இதோடு இரண்டாம் பக்கம் இருக்கிறது. பின்னால் உள்ள படத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சரியான படம்தான் அது. வங்கிக்காரம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். போன வாரம் தேர்வில் பாஸ். “மேடம், இது என் ராசியான பேப்பர். வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும்” என்று சொல்லித்தான் தந்தார். மறுபக்கத்தை அவர் பார்க்கவே இல்லையாம். பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாரோ என்னவோ.

ஆமாம், படித்தேன். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்கூல் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். எடுத்தது பதினான்கு நெறிக்கட்டி, பரவியிருந்தது மூன்றில். மூன்று என்ற எழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். மூன்று மணிக்கு வங்கிக்காரம்மாவுக்கு வகுப்பு. போனேன். அவர் சுவரை இடித்தார். நான் தாளைத் திருப்பி வைத்து வரைந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போனபோது கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் உனக்கு அனுப்பினேன்.

டாக்டருக்கு மூன்று தெரியும். அவரிடம் முழு அறிக்கையே இருக்கிறது. அவர் மாத்திரை சொன்னதே அதனால்தான். அவர் வாயை அடைக்க எனக்கு உன் வாயிலிருந்து ஒரு நல்ல எண் வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தரையும் குறுக்கு வழியில் தேர்வுக்கு அனுப்பாதவள், என் தேர்வுக்கு நானே பிட் எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

செத்துவிடுவேனோ என்ற பயத்தைவிட, கால் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிது. சிரிப்பாய். இருக்கட்டும். என் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள், நான் வண்டி ஓட்டுகிறேனே என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அதையும் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

சரி, நிரப்பு. மூன்று என்று போடு. வருகிற எண்ணை அப்படியே எழுது, கொட்டை எழுத்தில் எழுது. ‘பக்குவமாக’ எதுவும் சொல்லாதே.

பிரேக் விஷயம்: நீ ஒரு பால் வண்டியின் பின்னால் முட்டப் போனாய், அதற்கு மிதித்தது நியாயம். மற்ற திருப்பங்களில் தேவையில்லாமல்தான் மிதித்தேன். நீ இடித்துவிடுவாய் என்று இல்லை. பழக்கம். என் தங்கையாச்சே என்ற பதற்றம்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தேதியைப் பார்த்து ஏமாற்றுகிறேன் என்று நினைக்காதே.

நாற்பத்து நான்கு.

மூன்று தடவை ஓட்டினேன். இந்தத் தடவை திருட்டுத்தனமாக இல்லை, மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, திட்டும் வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதே நாற்பத்து நான்கு. நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன், அழுதேன்.

அடுத்த வரியையும் படி. உன்னைப் போலவே கட்டி மிச்சம் இருந்து, அந்த மாத்திரையையும் முழுசாக எடுத்துக்கொண்டவர்களின் வரிசைகள் தனியாக இருக்கின்றன. அவர்களில் திரும்ப வந்தது நூற்றுக்கு முப்பது பேரை ஒட்டி. நாற்பத்து நான்குக்கும் முப்பதுக்கும் நடுவில் பதினான்கு பேர் அக்கா. அந்தப் பதினான்கு பேர் யார் யார் என்று தெரியாது, ஆனால் மாத்திரை எடுத்துத் தப்பித்தவர்களில் சிலருடைய குரல் எனக்குத் தெரியும். ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் பேத்தியின் மதிப்பெண்ணைச் சொல்கிறார். ஒருத்தருக்கு ஆறு மாதம் செருப்பே போட முடியவில்லையாம், இப்போது நடைப் போட்டிக்குப் போய், நடக்காமல் ஓடுகிற ஆட்களைத் திட்டுகிறார்.

கால் போகாது. உரியும், எரியும், அளவு குறைப்பார்கள், பிறகு ஆறும். இது டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

எடுத்துக்கொள் என்று கெஞ்சப் போவதில்லை. உன் காலடியில் எனக்கு பிரேக் கிடையாது. ஆனால் நீ சரி என்றால், ஜூனிலிருந்து நாலு மாதம் அங்கிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். மேலதிகாரி திட்டி முடித்த கையோடு கேட்டேன், மறுக்க முடியவில்லை. ஒரே குறை, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தங்கை


ஏப்ரல் 9

குட்டி,

நேற்று தேர்வு. தோற்றுவிட்டேன்.

சாலையில் ஓட்டியதில் ஒரு குறை இல்லை. கடைசியில் பஸ்ஸைப் பின்னால் எடுத்து இரண்டு வரிசைக் கோன்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். இடது கை கொஞ்சம் தாமதித்தது. கடைசிக் கோன் சாய்ந்தது. தேர்வு அதிகாரி என் தலையைப் பார்த்தார், கை உறையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“காத்துல விழுந்திருக்கும் மேடம். நான் பார்க்கலைன்னு வச்சுக்கலாம்.”

காற்றே இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. உன் சிவப்பு மைதான் ஞாபகம் வந்தது.

“விழுந்தா விழுந்ததுதான் சார். எழுதுங்க. அடுத்த தேதி கொடுங்க.”

நவம்பர் 18 கொடுத்திருக்கிறார். கணக்குப் பார்த்துத்தான் கேட்டேன். நாளைக்கு முதல் மாத்திரை. எட்டுச் சுற்று, செப்டம்பர் கடைசியில் முடியும். கால் ஆறுவதற்கு ஆறேழு வாரம். கெடு ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் டாக்டரிடம் போய்ச் சரி என்றேன். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை கோபம் வரவில்லை, பாவம், அவருக்குக் கண் கலங்குகிற வியாதி என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் நாற்பத்து நான்கை நான் நம்புகிறேன். நம்பித்தான் மாத்திரை எடுக்கிறேன். ஆனால் அதற்கு மரியாதை தரமாட்டேன். அறுபத்து நான்காம் வரிசைக்காரரிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவார்.

என்னையும் உன் இரண்டாயிரத்தில் சேர்த்துக்கொள். கையெழுத்துப் போட்ட படிவம் இதோடு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், திருப்பி அனுப்ப வழியில்லை.

ஜூனில் வா. வண்டி ஓட்டத் தெரியாதென்றால் எதற்கு அக்கா என்று ஒருத்தி இருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 20

குட்டி,

நீ ஊருக்குப் போய் ஏழு வாரம். வீட்டில் சத்தமே இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இதைக் காகிதத்தில்தான் சொல்லவேண்டும் என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்! கோன் ஒன்றுகூட ஆடவில்லை. அதே அதிகாரி. இறங்கியதும் எழுந்து நின்று கை கொடுத்தார். என் உள்ளங்கைத் தோல் இன்னும் வழவழவென்று இருக்கிறது, அவர் அதைக் கவனிக்கவில்லை. வங்கிக்காரம்மாவின் ராசியான தாள் என் சட்டைப்பையில் இருந்தது. இரவல்தான். படப் பக்கமும் மூன்று என்ற பக்கமும் இரண்டும் சேர்ந்துதான் வந்தன.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆகஸ்டில், ஆறாவது சுற்றில், ரத்தப் பரிசோதனைக்குப் போனோமே. உள்ளங்கால் இரண்டும் வெடித்து, சாக்ஸ்கூடப் போட முடியாத நாள். ஸ்கூல் காரை நீ ஓட்டினாய். பெரிய சாலையில் நீ ஓட்டிய முதல் நாள் அது. ஏறியதுமே நான் காலை மடித்து சீட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலிக்குதா, வலிக்குதா என்று நீ கேட்டுக்கொண்டே வந்தாய், நான் ஆமாம் என்றேன். வலித்தது உண்மை. ஆனால் மிதிக்க முடியாத வலி இல்லை குட்டி. கீழே வைத்திருந்தால் மிதித்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அந்தச் சிமெண்ட் லாரி குறுக்கே வந்தபோது உயிரே போய்விட்டது. மடித்த காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீயே பிரேக் போட்டாய், நீயே கண்ணாடி பார்த்தாய், நீயே அவனைத் திட்டவும் செய்தாய். அழகாகத் திட்டினாய்.

அடுத்த திங்கள் முதல் பெரிய வண்டி வகுப்பு. மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி பலகையை மாற்றி எழுதுகிறார், பேனர் கட்டச் சொன்னேன், யோசிக்கிறாராம்.

ஜனவரியில் அறுவை முடிந்து ஒரு வருஷம். என் வரிசைக்கு நீ போன் செய்ய வேண்டிய மாதம். விதிப்படி கேள், அக்கா என்று கூப்பிடாதே, நானும் விதிப்படி பதில் சொல்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நான் எடுக்கவில்லை என்றால் பதறாதே, அந்த நூற்றுப் பதினெட்டை நினைக்காதே. பஸ் ஓட்டும்போது நான் போன் எடுப்பதில்லை. அரை மணி கழித்து மறுபடி அடி.

அக்கா